நாற்காலி இல்லாத அறையில் ஒரு மேசை விளக்கு

மேசை விளக்கு யாருக்காக? உட்கார்ந்து படிக்கிறவர்களுக்காக. இது யாருக்குத்தான் தெரியாது, இதற்கு ஒரு கதையா என்று கேட்பீர்கள். ஒரு கம்பெனியே கூண்டோடு இதை மறந்துபோனது கண்ணுகளா. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் அந்தக் கம்பெனியில் விளக்குகளை வடிவமைக்கிறவள். உயர் ரக மேசை விளக்கு ஒன்றை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'கண்ணுக்கு இதம்' என்று போடப்போவதாக ஏற்பாடு. அந்த இரண்டு சொல்லுக்காக அவள் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தாள். விளக்கின் தலையில் கவிழ்ந்திருக்கும் குடையை நன்றாக ஆழமாக வைத்தாள். உள்ளே இருக்கும் ஒளி வளையம் தாளில்தான் விழ வேண்டும், படிக்கிறவர் கண்ணில் படவே கூடாது.

விற்பனை மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. எதைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் பளபளன்னு" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பளபளா.

"வெளிச்சம் வாங்க வர்றவங்களுக்கு வெளிச்சத்தைக் காட்ட வேணாமாம்மா? குடையோட கீழ் விளிம்புல ரெண்டு விரல் அகலம் வெட்டு. வளையம் நிலா மாதிரி தெரியணும்."

"நிலா வானத்துல இருக்கு சார். இது மூக்குக்கு முன்னால இருக்கப்போகுது."

யார் கேட்டார்கள்? வெட்டிய குடை ஒன்று, வெட்டாத குடை ஒன்று, இரண்டும் மாதிரி பார்த்து முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போயின. அந்தக் கூட்ட அறையில் நாற்காலியே கிடையாது. உட்கார்ந்தால் கதையளப்பார்கள், நின்றால் சீக்கிரம் முடிப்பார்கள் என்பது முதலாளி போட்ட விதி. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மேலிருந்து பார்த்தார்கள்.

"எங்கம்மா கூசுது?" என்றார் முதலாளி.

அவளும் பார்த்தாள். கூசவில்லை. வரைபடத்தில் தான் போட்ட கணக்குதான் தப்போ என்று தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "சரி சார்" என்று சொல்லிவிட்டாள். வெட்டிய குடையே முடிவானது.

வெட்டிய குடையோடு ஒரு விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து நாத்தனாரிடம் கொடுத்தாள். அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துவது நாத்தனாரின் தொழில். கண்ணை வைத்துப் பிழைப்பு. சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம் முழுக்க அவளுடைய காகிதங்கள்தான். முதலில் சும்மா இருந்தாள். பிறகு தலை வலிக்கிறது என்றாள். கண்ணாடியை மாற்றிப் பார் என்றார்கள். நேரத்துக்குத் தூங்கு என்றார்கள். வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மிளகாய்ப் பழமாய்ச் சிவந்த கண்ணோடு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணி, என்மேல ஏதாவது கோபம் இருந்தா நேரா சொல்லிடுங்க. விளக்கு வெச்சுக் கொல்ல வேணாம்."

"ஆரம்பிச்சுட்டியா? ஆபீஸ்ல அத்தனை பேரும் பாத்தோம். யாருக்கும் கூசலை."

"எப்படிப் பாத்தீங்க?"

"மேசை மேல வெச்சு, சுத்தி நின்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவளின் வாய் பாதியில் நின்றது. நாத்தனார் தன் நாற்காலியை அண்ணிக்கு இழுத்துப் போட்டாள். அவள் உட்கார்ந்தாள். வெட்டிய விளிம்புக்குக் கீழேயிருந்து அந்த வளையம் ஊசி மாதிரி கண்ணில் குத்தியது.

உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. முதலில் தன்மேல்தான். நானும் கூட நின்றேனே, மரம் மாதிரி! பிறகு அவர்கள்மேல்.

மறுநாள் பெட்டிக்கு ஒப்புதல் கொடுக்கும் கூட்டம். அவள் தன் இருக்கையைத் தாழ்வாரம் முழுக்கக் கடகடவென்று உருட்டிக்கொண்டே வந்து அறைக்குள் நிறுத்தினாள்.

"நாற்காலி எதுக்கும்மா? நம்ம விதி தெரியாதா?" என்றார் முதலாளி.

"விளக்குக்காக சார்."

"விளக்கு உக்காரப்போகுதாமா?" என்று பளபளா சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"வாங்கறவங்க உக்காருவாங்க சார். நின்னுக்கிட்டே படிக்கிறவங்களுக்குன்னா பெட்டியில அப்படியே போட்டுடுங்க. கண்ணுக்கு இதம்னு போடாதீங்க, அது பொய். என் வீட்டுல ஒருத்தி இதனால தலையைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா."

"ஒருத்தருக்குத் தலைவலின்னா ஊருக்கே தலைவலியா? பெட்டிக்குப் போட்டோ எடுத்தாச்சும்மா. வளையம் எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா?"

"அதை எடுத்தவர் தரையில மண்டி போட்டுல்ல எடுத்தாரு? கீழே இருந்து பாத்தாத்தான் வளையம் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. விளக்கு செய்யற நமக்குத் தெரியலையே, வெக்கமா இல்லை?"

சிரிப்பு அடங்கியது. முதலாளியின் முகம் கடுகடுத்தது.

"இப்ப என்னங்கறே?"

"நீங்க உக்காந்து ஒரு பக்கம் படிங்க சார். கூசலைன்னா நான் வாயே தொறக்கலை."

இதை முடித்துவைத்தால் போதும் என்று அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கையில் கிடைத்த ஒரு தாளை எடுத்து விளக்கின் அடியில் வைத்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில், அவர் அறியாமலே அவருடைய இடது கை எழுந்தது. உச்சி வெயிலில் பேருந்து வருகிறதா என்று பார்க்கிறவரைப் போல, புருவத்துக்கு மேல் வந்து நின்றது.

"எனக்கு ஒண்ணும் கூசலையே" என்றார் அவர்.

"உங்க கை எங்க இருக்குன்னு பாருங்க சார். என் குடை அங்கதான் இருந்துச்சு."

கை மெல்ல இறங்கியது.

"பழைய குடையையே போடுங்க" என்றார் முதலாளி. "போட்டோவை மறுபடி எடுங்க." பளபளாவின் முகம் ஃபியூஸ் போன பல்பு ஆனது.

சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெயித்துவிட்டு வந்தவளுக்கு ஒரு 'சபாஷ்' கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. நாத்தனார் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அவருக்கு ரெண்டு வரி கூசின உடனே உத்தரவு வந்துடுச்சு. நான் இத்தனை நாளா சொன்னேன். ஆபீசை விடுங்க அண்ணி, இந்த வீட்டுல யாருக்குக் காது கேட்டுச்சு?"