ஈயத் தொட்டியில் ஐந்து நொடி

தன் கணக்கில் தப்பு இருப்பது நெரெய்தாவுக்குப் புலப்பட்டது, மோன்க்ளோவா கம்பி ஆலையின் உணவுக்கூடத்தில், பீன்ஸ் வைத்த புரீத்தோ ரொட்டிச் சுருளை இரண்டாவது வாய் கடித்தபோது.

சிவக்கக் காய்ந்த கம்பி, உருகிய ஈயத் தொட்டிக்குள் ஓடி வெளியே வருவதற்குள் அதன் உள்ளமைப்பு முழுக்க மாறிவிட வேண்டும். மாறாமல் மிஞ்சும் பகுதி ஆறியதும் கண்ணாடிபோல் எளிதில் முறிவதாகிவிடும். கிரேன் வடத்துக்குப் போகிற கம்பி அது. இப்போது பதினெட்டு நொடி தொட்டியில் இருக்கிறது. பன்னிரண்டே போதும் என்று போன மாதம் சூத்திரம் எழுதிக் கொடுத்தவள், ஆலையில் வேலை பார்த்தபடியே இரவுக் கல்லூரியில் படிக்கும் அவள்தான். அதை நம்பி இன்று மதியம் வேகத்தைக் கூட்டப்போகிறார்கள்.

முதல் ஐந்து நொடியில் எந்த மாற்றமும் தெரியாது. பூஜ்யம். பூஜ்யத்துக்கு மடக்கை எடுக்க முடியாதே என்று அந்த அளவுகளை நீக்கிவிட்டு, மாற்றம் தெரிந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணியிருந்தாள். வரைபடத்தில் கோடு அழகாக நேராக விழுந்தது. அந்த ஐந்தைத் திரும்பக் கூட்ட மறந்துபோனாள். உண்மையில் பதினேழு.

மூன்று முறை சரிபார்த்தாள். இப்போதுதான் தப்பாகப் போடுகிறோமோ என்று நான்காவது முறையும். பிறகு ஓடினாள்.

பன்னிரண்டு போதாது என்று அவள் சொன்னதும், தொட்டியருகே நின்ற பொறியாளர் பாரியெந்தோஸ் சிரித்தார். "நீ போட்ட கணக்குதானே?"

"நான் போட்ட தப்பு, இன்ஜினியர். திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்."

"ராத்திரி காலேஜ்ல புதுசா ஏதாவது சொன்னாங்களா? மேலதிகாரிங்க எல்லாருக்கும் காட்டியாச்சு, பொண்ணே. சும்மா இரு."

"சீக்கிரம் முடிங்கப்பா," என்றான் வேகக் குமிழைப் பிடித்திருந்த எலிகியோ. "ஈயத்தவிட உங்க சண்டை சூடா இருக்கு."

கணக்குப் போட்டவர் கையெழுத்து இல்லாமல் அவன் குமிழைத் திருப்பமாட்டான்; அந்த ஆலையின் வழக்கம் அது. நெரெய்தா புது வேகம் எழுதியிருந்த தாளை இழுத்து, தன் கையெழுத்தின் மேல் குறுக்கே கோடு போட்டாள். பக்கத்தில் பதினேழு என்று எழுதினாள்.

"பன்னெண்டுதான் வேணும்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. உங்க பேருல."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்கும்னு நினைக்கிறியா?"

"தெரியாது. வடம் அறுந்தா அடியில நிக்கிறவனுக்கு நாளைன்னே ஒண்ணு கெடையாது."

பேனாவை நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை. பாரியெந்தோஸ் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார், வாங்கவில்லை.

எலிகியோ குமிழிலிருந்து கையை எடுத்தான்.