மூச்சுவிட்டுத் தாழும் குன்று

ஜேஜு தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் தல்லே குன்றுக்கு நிலையான உயரம் கிடையாது. சின்னப் பிள்ளை ஒன்று அடிவாரத்தில் கால் வைத்தால் தாழும். பிள்ளை இறங்கி வீட்டுக்குப் போனதும் பழையபடி எழும். கீழே கேரட் விளைவிக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கேரட் விலை ஏறி இறங்குவதைப் போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். எப்படித் தாழ்கிறது என்பதிலும் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. தீவே நெருப்பிலிருந்து வந்தது. நடுவில் ஹல்லா மலை, அதைச் சுற்றிக் கவிழ்த்து வைத்த கிண்ணங்களைப் போல நூற்றுக்கணக்கான சிறு எரிமலைக் குன்றுகள். அவற்றின் சரளைக்கல்லை உடைத்துப் பார்த்தால் பொரி உருண்டை மாதிரி இருக்கும். கல்லைவிட உள்ளே காற்றுதான் அதிகம். சரிவு முழுக்க மூச்சுத் துளைகள் உண்டு. குளிர்காலத்தில் அவற்றிலிருந்து இளஞ்சூடான காற்று வரும், கோடையில் சில்லென்ற காற்று. மற்றக் குன்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடுகின்றன. தல்லே குன்று பிள்ளைகளைக் கண்டால் ஒரே மூச்சாக விட்டுவிடும். அழுத்திய தலையணை போல அமுங்கும். பனிக்காலக் காலைகளில் சரிவெங்கும் ஆவி எழுந்தால், யாரோ குடும்பத்தோடு ஏறுகிறார்கள் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

அடிவாரத்தில் மிரான் வீட்டோடு சேர்த்துச் சூப்புக் கடை வைத்திருந்தாள். பன்றி எலும்பையும் கடற்பாசியையும் கொதிக்கவிட்டுச் செய்யும் சூப்பு. ஏறும் முன் யாரும் கேட்பதில்லை, இறங்கியபின் யாரும் விடுவதில்லை. அவள் கணவன் இன்ஹோ புயலில் படகோடு கடலுக்குள் போனவன். மூன்றாம் நாள் கரைக்கு வந்த உடலைக் குன்றின் உச்சியில், எரிமலை வாயின் உட்புறச் சரிவில் புதைத்து, அங்குள்ள வழக்கப்படி சுற்றிலும் கருங்கல் அடுக்கி மதில் வைத்தார்கள். அப்போது மிரானுக்கு ஏழாம் மாதம். பிறந்த பெண் தான்பிக்கு இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. ஓடுவாள், ஏறுவாள், சண்டை போடுவாள். ஆனால் காலடியில் உருளும் செஞ்சரளையில் மட்டும் வழுக்கி விழுவாள். குன்று எவ்வளவு தாழ்ந்தாலும் சரளை சரளைதான்.

ஆண்டுதோறும் எட்டாம் மாதம் முதல் நாள் அந்தத் தீவில் பள்ளிக்கூடம்கூடக் கிடையாது. கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள்கூட வந்து, குடும்பம் குடும்பமாகக் குன்றேறி, முன்னோர் கல்லறைகளில் மண்டிய புல்லை அறுப்பார்கள். ஐந்து வருஷமாகத் தான்பி அம்மாவின் முதுகில்தான் ஏறினாள். ஐந்தாவது வருஷம் பெரியப்பா மகன் அவளை மூட்டை என்று கூப்பிட்டான். இறங்கி வந்ததும் அவள் சொன்னாள்: "அடுத்த தடவை நான் நடந்துதான் அப்பாகிட்ட போவேன். தூக்கினா கடிப்பேன்." கடிப்பாள் என்பது மிரானுக்குத் தெரியும்.

அதனால் ஊர்க்கூட்டத்தில் குன்றுக்கு மரப்படி வேண்டும் என்று முதலில் கேட்டவள் மிரான்தான். வெளியூர்க் குடும்பங்கள் நடக்க வரத் தொடங்கியிருந்த காலம், ஊரும் ஒத்துக்கொண்டது. வேலைக்கு நாள் குறிப்பதில் யோசனையே தேவைப்படவில்லை. கடுங்குளிர் முடிந்து வசந்தம் பிறக்கும் முன் ஒரு வாரம், பழைய ஆண்டின் தெய்வங்கள் பொறுப்பை ஒப்படைக்க மேலே போயிருக்கும், புதியவை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. தீவு முழுக்க வீடு மாறுவதும் சுவரை இடிப்பதும் கழிப்பறையைத் தோண்டுவதும் அந்த வாரத்தில்தான். வேறு நாளில் மண்ணைத் தொந்தரவு செய்தால் தெய்வக் குற்றம் வரும். ஆக, அந்த ஆளில்லாத வாரத்தில் மொத்த ஊரும் சேர்ந்து படி கட்டியது. பாறையைத் துளைப்பது பெரும்பாடு. தயாராகத் துளைகள் இருக்கும்போது எதற்குத் துளைக்க வேண்டும் என்று, ஒவ்வொரு மூச்சுத் துளையிலும் ஒரு கட்டையை இறக்கிச் சிமெண்டை ஊற்றினார்கள். படி அழகாக அமைந்தது. கேட்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்த வேலை, வேண்டாம் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

வசந்தத்தில் முதல் குடும்பம் வந்தபோது குன்று தாழவில்லை. பிள்ளைகள் பாதிப் படியில் உட்கார்ந்து அழுதார்கள், அப்பாக்கள் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், சூப்புப் பானை மாலைவரை நிறைந்தே இருந்தது. வைகறையில் சரிவில் காதை வைத்துக் கேட்ட மிரானுக்கு, தும்மலை அடக்கிக்கொண்டிருப்பவரின் நெஞ்சுபோல உள்ளே ஏதோ இறுகியிருப்பது தெரிந்தது. வாரத்துக்கு வாரம் குன்று உயர்ந்தது. கோடையில், வெறும் காலோடு பத்துப் படி ஏறிப் பார்த்த தான்பி, இன்னும் தெரியாத உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மிரான் கோ என்ற ஊர்த்தலைவரிடம் போனாள். அந்த ஊரில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, சொந்தமோ இல்லையோ, எல்லாரும் சம்சுன்தான்.

"சம்சுன், கட்டையெல்லாம் புடுங்கணும். அது மூச்சு விட முடியாம நிக்குது."

"புடுங்கலாம், யார் வேண்டாம்னா? தெய்வமெல்லாம் கிளம்பிப் போற வாரம் வரட்டும்."

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. புல்லறுப்பு அடுத்த வாரம்."

"தெரியுது பொண்ணே. ஆனா இப்ப அத்தனை பேரும் வீட்ல இருக்காங்க. மண்ணுல ஒண்ணு, அடுப்புல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. மொதல்ல கை வைக்கிறவங்க தலையிலதான் விடியும். படி கேட்டதும் நீதான், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் மொதல் கை என்னோடது."

மறுநாள் பட்டப்பகலில், ஊர் பார்க்கவே, மிரான் கடப்பாரையோடு ஏறினாள். முதல் கட்டை மதியம்வரை அசையவில்லை. அசைந்ததும் அது அவளைத் தாண்டிப் பறந்து கேரட் வயலில் போய் நட்டுக்கொண்டு நின்றது. துளையிலிருந்து குளிர்காற்று சீறியது. குன்று தை மாதத்தில் உள்ளே இழுத்த மூச்சைத்தான் இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது. ஆகவே காற்றோடு பனித்துகளும் வந்தது. கோடை வெயிலில் ஊர்மேல் பொலபொலவென்று பனி விழ, காய வைத்திருந்த எள்ளைப் பெண்கள் அவசரமாக அள்ளினார்கள். பிறகு ஊரார் ஆளுக்கொரு கடப்பாரையோடு ஏறினார்கள், முதல் கை ஏற்கெனவே விழுந்துவிட்டதே. கோ சம்சுனும் வந்தார்.

"நான் உதவிக்கு வரல. யாரும் கால ஒடச்சிக்கக் கூடாதுன்னு பார்க்க வந்தேன்."

"அப்ப கையில எதுக்குக் கடப்பாரை, சம்சுன்?"

"ஊன்றி நிக்க."

அவர்தான் மிக அதிகமான கட்டைகளைப் பிடுங்கினார். கழற்றிய படிகளுக்குப் பதிலாக, ஆணி அடிக்காமல், கனத்த தேங்காய் நார்ப் பாயைப் பாதை நெடுக விரித்தார்கள். நார் சரளையைப் பிடித்துக்கொள்கிறது, பாதம் நாரைப் பிடித்துக்கொள்கிறது, இடுக்கு வழியே காற்று போகிறது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

புல்லறுக்கும் நாள் காலையில் தான்பி அடிவாரத்தில் இடது காலை வைத்தாள். துளைகள் எல்லாம் ஒருசேர மூச்சு விட்டன, நாணல் சாய்ந்தது, குன்று இறங்கியது. அதுவரை எந்தப் பிள்ளைக்கும் இறங்காத அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னொன்றும் செய்தது. பாதையின் இடப்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்திக்கொண்டது. குட்டைக் காலுக்குக் கீழே நிலம் அந்த அளவு மேலே வந்தால் இடுப்பு நேராக நிற்கும் என்பது எளிய கணக்கு. குன்று அந்தக் கணக்கைப் போட்டிருந்தது. ஆனால் இரண்டு காலும் சமமாக உள்ளவர்களுக்கு அந்தப் பாதை கோணல். பின்னால் அரிவாளும் பழக்கூடையும் சோளமதுவும் சுமந்து வந்த பெரியப்பா, பெரியம்மா, அண்ணன்மார், மிரான் எல்லாரும் விந்தி விந்தி ஏறினார்கள். அன்று அந்தக் குடும்பத்தில் நொண்டாமல் நடந்தவள் தான்பி ஒருத்திதான். மூட்டை என்று சொன்னவன் இரண்டு தடவை விழுந்தான்.

"கையப் பிடிச்சுக்கோ, அண்ணா," என்றாள் அவள். பிடித்துக்கொண்டான்.

உச்சிக்குப் போனதும் அவள் மதிலில் ஏறவில்லை. இறந்தவரின் ஆவி போக வர விட்டு வைத்த சின்ன இடைவெளி அவள் அளவுக்கே இருந்தது. அதன் வழியே உள்ளே போய், புல்மேட்டின் முன் நின்று, "அப்பா, நடந்தே வந்தேன்," என்றாள். மிரான் மதிலுக்கு வெளியே நின்று, காற்றில் கண்ணுக்குள் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டாள். பிறகு எல்லாரும் புல் அறுத்தார்கள்.

தெய்வக் குற்றம் சொன்னபடி வந்தது. அன்றுமுதல் மிரானின் வீட்டு வாசல் கட்டையைத் தாண்டினால் உப்பு கரிப்பதில்லை. மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்தாலும் மணல்தான். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் கொதிக்கும் பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மதில்மேல் வைத்தாள். அது கோ சம்சுனின் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் தன் உப்பைப் போட்டார், கிளறினார், ருசி பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பின் அவர் மருமகள் போட்டாள். சூப்பு முன்னைவிட நன்றாக இருப்பதாகத்தான் பேச்சு.

தான்பிக்கு இப்போது சொந்தமாக இரண்டு பிள்ளைகள். வளர்ந்த ஆளுக்குக் குன்று தாழ்வதில்லை. ஆனால் அவள் தனியாக வந்தாலும் இடப்பக்கத்தை உயர்த்திக்கொள்கிறது. அளக்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு உயரத்தோடு திரும்பிப் போனதால், அடிவாரப் பலகையில் பெயருக்குக் கீழே உயரத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது. நடக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சூப்புக் கடையில் வந்து, குன்று எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள். மிரான் அகப்பையைக் கீழே வைக்காமல் பதில் சொல்வாள்:

"யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"