நாலே முக்கால் கிலோ

வயிற்றுத் தையலைவிட விரல் நுனிகள்தான் அவளுக்கு அதிகமாக வலித்தன. குடோனில் மூட்டை வாய் தைக்கிறவள். கோணி ஊசி குத்திக்கூட ஒருநாளும் 'ஆ' என்றதில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்ததிலிருந்து தினமும் நாலு வேளை குத்தி ரத்தம் பார்த்ததில் பத்து விரலும் சல்லடை.

"நீ குத்துறப்பல்லாம் நானும் குத்திக்கிறேன்" என்று முதல் நாள் வீரம் பேசிய புருஷன், ஊசியைக் கண்டதும் கக்கூஸுக்கு ஓடினான். நூறு கிலோ மூட்டையோடு லாரிப் பலகை ஏறுகிற லோடுமேன். "சரி, ஒரே ஒரு தடவை. சத்தியம்!" என்று இறங்கி வந்தான். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கும் வரை அந்த ஒரு தடவை வரவில்லை.

ஆனால் பிள்ளையைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாலே முக்கால் கிலோ! பார்க்க வந்த குடோன் மேஸ்திரி, குழந்தையை இரு கையிலும் ஏந்திக் கண்ணை மூடி எடை பார்த்தார்.

"தராசு எதுக்கு? அஞ்சுக்குக் கால் கிலோ கம்மி. பொறந்ததே லோடுமேன்டா!"

"வைங்க கீழ" என்றபடி நர்ஸ் வந்தாள். "இது பலம் இல்ல, அம்மாவோட சர்க்கரை போட்ட சதை. இப்ப இவனுக்குச் சர்க்கரை முப்பத்தெட்டுதான். கை உதறுது பாருங்க. பால் குடிச்சு நாப்பத்தஞ்சைத் தாண்டலேன்னா கண்ணாடி ரூமுக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏத்தணும்."

அவள் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பெற்றதிலிருந்து முழுசாக ஒரு மணி நேரம் மடியில் வைத்துப் பார்க்கவில்லை; அதற்குள் கண்ணாடி ரூமா?

"சர்க்கரை ஜாஸ்தியாகித்தானே குண்டானான்? இப்ப கம்மின்னா எப்படி?" என்றார் மேஸ்திரி.

"என் சர்க்கரை அவனுக்கு லாரி லாரியாப் போச்சு அண்ணே. அதை இறக்க அவன் உடம்பு இன்சுலினைக் கூடுதலா வேலைக்கு வெச்சிருச்சு. தொப்புள்கொடியை வெட்டினதும் லாரி நின்னுபோச்சு. ஆளுங்க நிக்கல. குடோனையே காலி பண்றாங்க."

"நிறுத்தச் சொல்லியும் வேலை செய்யற ஆளுங்களா? நமக்கு ரெண்டு பேர் கிடைப்பாங்களா?"

குழந்தையோ மார்பில் வாய் வைத்துத் தூங்கியது. கன்னத்தைத் தட்டினாள். குட்டி முதலாளிக்கு எழ மனமில்லை. விடிய விடிய மூட்டை இறக்கிவிட்டு வந்த புருஷனும் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டான்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "லோடு வந்திருச்சுடா!"

வார்டே குலுங்கியது. புருஷன் துள்ளியெழுந்து, கண்ணைத் திறக்காமலே தலையணையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். பிள்ளை மட்டும் அசையவில்லை.

"வெளிய போங்க!" நர்ஸ் மேஸ்திரியைத் துரத்தினாள். "நீ துணியைப் பிரிச்சுவிடும்மா. உள்ளங்காலைத் தேய்."

சணல் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் தேய்த்தாள். சொரசொரப்பு பட்டதும் முதலாளி முகம் சிவந்து கத்தினார். கத்திய வாயில் மார்பை வைத்தாள். சப்பென்று பிடித்துக்கொண்டது. விரல் வலி, தையல் வலி எல்லாம் எங்கோ போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் குதிகாலில் குத்தினாள். பிள்ளை ஒரு சிணுங்கலோடு நிறுத்திக்கொண்டது. வாசலிலிருந்து திரும்பி வந்திருந்த அப்பன்தான் தலையணையில் முகம் புதைத்து "ஐயோ" என்றான்.

"அம்பத்திரெண்டு. இன்னும் ரெண்டு தடவை பார்ப்போம். இப்போதைக்கு அம்மாகிட்டயே இருக்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், பச்சைப்புள்ளயே குத்திக்கிச்சு. விரலை நீட்டு."

"புது ஊசியே இருக்குண்ணே" என்று நர்ஸும் சிரித்தாள்.

"மேஸ்திரி கூப்பிடுறாரு" என்று அவன் ஓடினான். தலையணையும் அவனோடேயே போயிற்று.

ஆஸ்பத்திரித் தலையணை மறுநாள் திரும்பி வந்துவிட்டது. பெண்டாட்டிக்கு அவன் தரவேண்டிய ஒரு சொட்டு ரத்தம் இன்னும் பாக்கி.