முப்பத்துநாலு டிகிரி

மேனகாவின் அப்பா இராமதாஸ் அந்த வாரம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை அவள் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து ஸ்கூட்டியை வெளியே தள்ளும்போதும் அதையே கேட்டார்.

“நாளைக்குத்தானம்மா அனுப்பற?”

“நாளைக்குத்தாம்ப்பா. மத்தியானத்துக்குள்ள.”

“இல்ல, டீக்கடையில கேட்டாங்க. பொண்ணு ஏதோ காந்தம் கண்டுபிடிச்சிருக்காமேன்னு.”

“அங்கயும் சொல்லிட்டியா நீ?”

“மில்லுல கூட வேல பாத்தவங்கம்மா. அவங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?”

மில் மூடியபின் உழவர்கரையில் ஒரு குடியிருப்பில் காவல் வேலை பார்க்கிறவர் அவர். இயற்பியலில் மகள் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் மூன்றரை வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஜூன் மாதத்தோடு உதவித்தொகை நிற்கிறது. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஆய்விதழுக்குப் போயிருந்தால்தான் முனைவர் பட்டம். போகாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அவள் செய்ததைச் சொல்வது அப்படியொன்றும் கடினமில்லை. நகக்கண் அளவில் ஒரு கண்ணாடித் தட்டு. அதன்மேல் மாங்கனீசும் டெல்லூரியமும் சேர்ந்த ஒரு படலம். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எலக்ட்ரான் என்பது வெறும் மின்சாரத் துளி மட்டுமல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் மேலே பார்த்தோ கீழே பார்த்தோ நிற்கிற ஒரு குட்டிக் காந்தமும் இருக்கிறது. அந்தக் குட்டிக் காந்தங்களைக் கொண்டு தகவலை எழுதவும் அழிக்கவும் முடிந்தால், இவ்வளவு சூடாகாத, இவ்வளவு மின்சாரம் தின்னாத கம்ப்யூட்டர்கள் வரும். அதற்கேற்ற பொருளைத் தேடித்தான் உலகத்தில் பல ஊர்களில் பல பேர் கண்விழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மேனகா.

அவளுடைய படலத்தில், அறை வெப்பத்திலேயே, மிக மெல்லிய ஒரு காந்தத்தன்மை தெரிந்தது. வரைபடத்தில் பார்த்தால் மெலிந்த ஓர் இலைபோல இருக்கும். வழிகாட்டிப் பேராசிரியை சந்திரகலா அந்த இலையை முதன்முதலில் பார்த்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கட்டுரையின் முதல் படமே அதுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஆய்வு நிறுவனத்துக்குள் அவள் நுழைந்தபோது அளவைக் கூடத்தில் அஞ்சலாட்சி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காந்தத்தை அளக்கும் கருவியை ஓட்டுகிறவள் அவள். பிள்ளைச்சாவடிப் பெண். பாலிடெக்னிக் படிப்பு, ஒப்பந்த வேலை, மேனகாவின் வயது, ஒன்றாம் வகுப்பில் ஒரு மகள். முன்பொருமுறை யாரோ வீணாக்கிய சாம்பிளுக்கு இவள்மேல் பழி வந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். மணி, அறையின் சூடு, யார் வந்தார்கள், கதவு திறந்திருந்ததா, எதையும் விடமாட்டாள். கூடத்தில் அவளை ‘வி.ஏ.ஓ.’ என்று கிண்டல் செய்வார்கள்.

“ஏய், உக்காரு. ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அஞ்சலாட்சி.

“இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“நேத்து சாப்பிடறப்ப சொன்னியே, முப்பத்துநாலு டிகிரியத் தாண்டினா உன் படலத்துல காந்தச் சமாச்சாரமே இருக்காதுன்னு. நெசமா?”

“நெசந்தான். அந்தச் சூட்டுக்கு மேல உள்ள இருக்கற ஒழுங்கு கலைஞ்சிடும். இது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு.”

அஞ்சலாட்சி நோட்டைத் திருப்பி வைத்தாள். திங்கட்கிழமைப் பக்கம். அன்று மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கருவி பேட்டரியில் ஓடியது, ஏ.சி. ஓடவில்லை. நீல மையில் எழுதியிருந்தது: *ஏ.சி. இல்லை. ரூம் 37. மேனகா சாம்பிள். சிக்னல் அப்படியே இருக்கு.*

மேனகா அதை இரண்டு தடவை படித்தாள். முப்பத்தேழிலும் மாறாத காந்தம் படலத்துடையதாக இருக்க முடியாது.

“தெர்மாமீட்டர் தப்பாக் காட்டியிருக்கும்.”

“நானும் அதான் நெனச்சேன். ரெண்டு தெர்மாமீட்டர்ல பாத்தேன்.”

சூடேற்றி அளக்கிற கருவி வெளியூரில்தான் இருந்தது; அதற்கு வரிசையில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் கட்டுரையில் அறை வெப்பத்தில் அளந்தது மட்டும்தான் இருந்தது. புதுச்சேரியின் மே மாத வெயில் அந்த மூன்று மாத வேலையை ஒரே மதியத்தில் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

“வெறுந்தட்டு ஒண்ணு குடு,” என்றாள் அஞ்சலாட்சி. “படலம் இல்லாதது. எப்பவும் எப்படி எடுப்பியோ அப்படியே எடுத்துக் குடு.”

மேனகா பையிலிருந்து தன் ட்வீசரை எடுத்தாள். அஞ்சலாட்சியின் கண்கள் விரிந்தன.

“அடிப்பாவி. இது புருவம் புடுங்கறதுடி!”

“கூர்மையா இருக்கும். தட்டு நழுவாது.”

கூடத்தில் சாம்பிளைப் பிளாஸ்டிக் ட்வீசரால்தான் தொட வேண்டும் என்பது விதி. அந்த பிளாஸ்டிக்கில் மேனகா இரண்டு படலங்களைத் தவறவிட்டு உடைத்திருந்தாள். ஒவ்வொன்றும் மூன்று வார வேலை. அதற்குப் பிறகுதான் நெல்லித்தோப்பு ஃபேன்சி ஸ்டோரில் இதை வாங்கினாள். ஸ்டெயின்லெஸ் என்று மேலே எழுதியிருந்தது. ஒட்டாது, கறை படாது என்று நம்பினாள். ஆனால் ஒவ்வொரு தடவை தட்டின் ஓரத்தைப் பிடிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இரும்பு அங்கே தேய்ந்து ஒட்டியிருக்கிறது.

வெறுந்தட்டைக் கருவிக்குள் வைத்தார்கள். பத்து நிமிடத்தில் திரையில் அதே மெலிந்த இலை வந்தது. வேறொரு வெறுந்தட்டை அஞ்சலாட்சி பிளாஸ்டிக்கில் எடுத்து வைத்தாள். ஒன்றுமில்லை. நேர்க்கோடு.

மூன்றரை வருடம் ஒரு புருவ ட்வீசரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“இத நீ திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாம்ல?” மேனகாவின் குரல் அவளுக்கே பிடிக்காத ஒரு குரலாக இருந்தது.

“முப்பத்துநாலுன்னு நேத்துதான நீ சொன்ன?”

“உன் வேல மிஷின ஓட்டறது. அத மட்டும் பாத்திருக்கலாம்.”

அஞ்சலாட்சி நோட்டை மூடினாள். மூடிய விதத்தில் சத்தமே வரவில்லை. அதுதான் மேனகாவை எழுந்து வெளியே போகவைத்தது.

கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சாலைக்கு அப்பால் கடலின் ஒரு கீற்று தெரியும். அவள் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இது இரண்டே பேருக்குத் தெரியும். அஞ்சலாட்சி தானாகப் போய் யாரிடமும் சொல்லமாட்டாள். நாளை மத்தியானம் கட்டுரை போய்விடும். அப்பா டீக்கடையில் சொல்லிக்கொள்வார். அந்த நோட்டு ஒரு அலமாரிக்குள் போகும்.

பிறகு, எதற்கென்று தெரியாமல், அவள் மனக்கண்ணில் ஒருத்தி தெரிந்தாள். எங்கோ பனி விழும் ஊர். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மரங்கள். கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், இவள் வயதுதான், இந்தக் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்துப் படிக்கிறாள். அடிக்கோடு போடுகிறாள். இதையே செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்கிறாள். பிளாஸ்டிக் ட்வீசரோடு, விதிப்படி, மூன்று வருடம் செய்து பார்க்கிறாள். வரவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து அவள் அழுகிறாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட மேனகாவுக்குத் தெரியாது.

எழுந்து சந்திரகலாவின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், ட்வீசர் வாங்கிய கடை உட்பட.

சந்திரகலா பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“ஃபேன்சி ஸ்டோர்லயா?” என்றார்.

“ஆமா மேடம்.”

“பொட்டு, வளையல் விக்கற கடையில.”

“ஆமா மேடம்.”

“சரி. நானும் கேட்டிருக்கணும். அந்த இலையப் பாத்ததும் எனக்கும் கண்ணு மறைஞ்சிடுச்சு.” பெருமூச்சு விட்டார். “போய்க் கட்டுரைய எடு. எதெது நிக்குதுன்னு பாரு. நிக்காதத வெட்டு.”

மேனகா வெட்டத் தொடங்கினாள். முதல் படம் போனது. அதைப் பற்றிய நான்கு பக்கம் போனது. மூன்றாவது படத்துக்கு வந்தாள். அதில் படலத்தின் நடுவே மின்சாரம் அனுப்பி, பக்கவாட்டில் எழும் சிறு மின்னழுத்தத்தை அளந்திருந்தார்கள். சாதாரணமாகப் பக்கத்தில் வெளிக்காந்தம் இருந்தால்தான் அது எழும். இங்கே வெளிக்காந்தத்தை எடுத்த பிறகும் கொஞ்சம் தங்கியிருந்தது. அதன் கீழே அவளே எழுதியிருந்தாள்: *இதற்குக் காரணம் முதல் படத்தில் காணும் காந்தத்தன்மை.*

அந்த வரியையும் அழித்தாள். அழித்தபின் படம் மட்டும் காரணமில்லாமல் நின்றது.

அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. கம்பி இணைத்தது தட்டின் நடுவில். ட்வீசர் பிடித்தது ஓரத்தில். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

இரண்டு மூன்று வருடமாக உலகமே பேசிக்கொண்டிருந்த ஒரு வகைப் பொருள் உண்டு. உள்ளே பாதி அணுக்கள் ஒரு பக்கம் இழுக்கும், பாதி எதிர்ப்பக்கம் இழுக்கும். வெளியே நின்று அளந்தால் சுத்தப் பூஜ்ஜியம், காந்தமே இல்லை. ஆனால் ஊடே ஓடுகிற எலக்ட்ரான்களுக்கு மட்டும் அந்தப் பிரிவினை தெரியும்; மேலே பார்ப்பது ஒரு பாதையிலும் கீழே பார்ப்பது இன்னொரு பாதையிலும் போகும். அவள் எடுத்துக்கொண்ட படலம் அந்த வகை என்றுதான் பலரும் சொன்னார்கள்; முதல் படத்தின் இலையைப் பார்த்ததும் அவள்தான் அதை ஒதுக்கிவைத்திருந்தாள். அப்படியானால் முதல் படம் பூஜ்ஜியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வேண்டாத இரும்பு அந்தப் பூஜ்ஜியத்தை மூடி வைத்திருந்தது.

ஆனால் அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கும் அதே முப்பத்துநாலுதான் கேள்வி. இரும்பென்றால் இந்தச் சூட்டுக்கு அசையாது. படலமென்றால் மறையும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூடத்துக்குப் போய் அஞ்சலாட்சியின் முன்னால் நின்றாள்.

“நேத்து பேசினது தப்பு. மன்னிச்சிடு.”

“நான் நோட்டுல எழுதிட்டேன். அழிக்க முடியாது,” என்றாள் அஞ்சலாட்சி. முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். “உக்காரு. இன்னா வேணும்?”

“ஏ.சி.ய நிறுத்தணும். ஜன்னலத் தொறக்கணும்.”

“மே மாசத்துல. மத்தியானத்துல.”

“ஆமா.”

“உனக்கு முத்திடுச்சு,” என்று சொல்லிக்கொண்டே அவள் ஏ.சி. சுவிட்சைத் தேடிப் போனாள்.

வருடக்கணக்காகத் திறக்காத ஜன்னல்களைத் தட்டித் தட்டித் திறந்தார்கள். அனல் உள்ளே வந்தது. சந்திரகலாவும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். படலத்துக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரை ஒட்டி, அஞ்சலாட்சி ஒவ்வொரு அரை டிகிரிக்கும் சத்தமாக வாசித்தாள். மேனகா மின்னழுத்தத்தைப் பார்த்தாள். முப்பதில் இருந்தது. முப்பத்தொன்றில் கொஞ்சம் இளைத்தது. முப்பத்திரண்டரையில் பாதிக்குக் கீழே. கழுத்தில் வியர்வை ஓடியது, யாரும் துடைக்கவில்லை.

“முப்பத்துமூணரை,” என்றாள் அஞ்சலாட்சி. “முப்பத்துநாலு.”

மேனகா எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“முப்பத்துநாலரை. ஏய், சொல்லுடி. இருக்கா?”

“இல்ல,” என்றாள் மேனகா. “ஒண்ணுமே இல்ல.”

“ஐயோ.”

“ஐயோ இல்லடி! இல்லாம போகணும். ஏ.சி.யப் போடு!”

ஜன்னல்களை அடைத்தார்கள். குளிர் மெதுவாக ஊறியது. முப்பத்திரண்டில் எண்கள் அசைந்தன. இருபத்தெட்டில் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நின்றன, வெளியே போய்வந்த பிள்ளை வீட்டுக்குள் நுழைவது போல. சந்திரகலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைத்தது கண்ணாடியை அல்ல.

“இன்னைக்கு எதுவும் அனுப்பல,” என்றார். “புதுப் படலம் அஞ்சு செய். பிளாஸ்டிக்குல எடு. உதவித்தொகைய ஆறு மாசம் நீட்டச் சொல்லி நான் எழுதறேன். குடுப்பாங்களான்னு தெரியாது. கேப்பேன்.”

அவர் போனபின் மேனகா ட்வீசரை எடுத்து அஞ்சலாட்சியின் நோட்டின் மேல் வைத்தாள்.

“இந்தா, நீயே வச்சிக்க.”

“என் புருவத்துக்கு இன்னா கொறச்சல்?” என்றபடி அதை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

மேனகா மடிக்கணினியைத் திறந்து, தலைப்பை மாற்றினாள். அதன் கீழே தன் பெயர், சந்திரகலாவின் பெயர், அவற்றுக்கு நடுவில் அஞ்சலாட்சியின் பெயர் என்று அடித்தாள். கருவி ஓட்டுகிறவர்களுக்குக் கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் நன்றி சொல்வதுதான் வழக்கம். அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல யாருடி இதப் படிக்கப்போறாங்க?”

“பனி விழற ஊர்ல ஒருத்தி இருக்கா,” என்றாள் மேனகா. “அவ படிப்பா.”

அஞ்சலாட்சிக்குப் புரியவில்லை. ஆனாலும் நோட்டைத் திறந்து மணியைப் பார்த்து எழுதினாள்: *ஏ.சி. இருக்கு. ரூம் 27. சிக்னல் திரும்பி வந்துச்சு.*

மேனகா அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அனுப்பிட்டியாம்மா?”

“இல்லப்பா. நல்லவேளையா அனுப்பல,” என்றாள்.