மொட்டை மாடிக்கு வந்த மண்

கடைசி மூட்டையை மொட்டை மாடியில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, லோடு வண்டிக்காரருக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு. எதிரே செங்கல் அடுக்கிப் பலகை வைத்து மேட்டுப்பாத்தி கட்டி முடித்துவிட்டு, அந்தக் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் அவருடைய மண்ணுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"அண்ணே, எனக்கு ரெண்டு பெயிண்ட் வாளிக்கு ஆனாப் போதும்."

"முதல்ல பாத்தியை நிரப்பட்டும்டி. உன் வாளி எங்க ஓடிப்போகுது?"

"தம்பி, மூச்சு வாங்குது பாரு. உக்காருப்பா, டீ கொண்டு வரேன்," என்றாள் மாடி வீட்டுத் தையல்கார அக்கா.

அவள் இழுத்துப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்தின் கீழ்வீட்டில் பல வருடங்களாகக் குடியிருப்பவர். அதுவரை அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறார், புகை வீட்டுக்குள் வருகிறது என்ற புகார்தான் அவர் காதில் விழும். காய்கறி விலை ஏறியதும் ஆளுக்கொரு வாளியும் தொட்டியுமாகச் செடி வைக்கக் கிளம்பினார்கள். அப்போதுதான் நகரத்தில் நல்ல மண் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தது. "நம்ம கீழ்வீட்டுத் தம்பி இருக்காரே!" என்று யாரோ சொல்ல, ஒரே நாளில் அவர் 'நம்ம' ஆளாகிவிட்டார்.

மண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறை ஒன்று ஊருக்கு வெளியே மூடிக் கிடந்தது. அந்த இடத்தில் வீடு கட்டுவதற்காக மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். அதை அள்ளிப்போய்த் தொலைவில் உள்ள ஒரு குழியில் கொட்டும் வேலைதான் இவருக்கு. "குழியைத் தவிர வேற எங்கயும் இறக்கிடாத. மூக்கைக் கட்டிக்கிட்டு வேலை பாரு," என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். இவரும் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் அள்ளினார். ஆக, அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் விருப்பமில்லை.

'மண்ணுதானே. நாலு மழை பேஞ்சா எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கருப்பாகக் கிடந்த பேட்டரித் துண்டுகளைச் சல்லடை போட்டுப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை மூட்டை கட்டி மாடிக்கு ஏற்றினார். குழிவரை ஓட்டுகிற டீசலும் மிச்சம், பக்கத்துத் தெருவிலும் நாலு பேருக்குக் கொடுத்ததில் நல்ல பெயரும் மிச்சம்.

செடிகள் நன்றாகவே வந்தன. தையல்கார அக்கா எங்கிருந்தோ எரு கொண்டுவந்து கலந்திருந்தாள். கீரை தளதளவென்று எழுந்தது. முள்ளங்கி விரல் தடிமனுக்குத் திரண்டது. பிள்ளை உண்டானதுமே தாய்வீடு வந்துவிட்ட அக்காவின் மகளுக்குத் தினமும் அந்தக் கீரைதான். "மருந்தடிக்காத கீரை. கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்," என்று அக்கா பெருமையாகச் சொல்லிக் கீழ்வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுப்பாள்.

வண்டிக்காரரின் நான்கு வயது மகளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் அவளும் மாடிக்கு ஓடுவாள். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து அப்பம் தட்டுவாள். தட்டிய கையோடு விரலையும் சூப்புவாள். அதைப் பார்த்த நாட்களில் அப்பா அவள் கையைத் தட்டிவிடுவார். "மண்ணுல விளையாடாதடி," என்று ஒரு அதட்டல். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

சில மாதங்களில் குழந்தைக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்தது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பேச்சும் குறைந்தது. தெரிந்த வார்த்தைக்கே தடுமாறினாள். டம்ளரைக் காட்டி, "அது... அது..." என்று அழுதாள்.

டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். "வீட்ல பழைய பெயிண்ட் உதிருதா? பேட்டரி, ஈயம் அந்த மாதிரி வேலை யாராவது பாக்குறீங்களா?"

வண்டிக்காரரின் பக்கத்தில் மனைவி. அவள் முகத்தைப் பார்த்தார். மாடியில் கிடைத்த நாற்காலி நினைவுக்கு வந்தது. கான்ட்ராக்டர் நினைவுக்கு வந்தார்.

"இல்லீங்க. நான் லோடு வண்டி ஓட்டுறேன்," என்றார்.

ரத்தசோகைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதைக் கொடுத்தார்கள்; குழந்தை மாடிக்குப் போவதும் தொடர்ந்தது. சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், தாயின் மடியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். பட்டறை, மண், சல்லடை எல்லாவற்றையும் சொன்னார். அங்கிருந்த டாக்டர் கோபப்படவில்லை. களைத்துப் போனவர்போல் சொன்னார்: "அந்த மண்ணு பட்ட கையை வாயில வச்சதுதான் பெரிய வினை. கீரையும் முள்ளங்கியும்கூட ஈயத்தை இழுத்துக்கும். எவ்வளவு கழுவினாலும் உள்ள போனது போகாது. ரத்தத்துல இருக்கறதைக் குறைக்க மருந்து இருக்கு. மூளையில நடந்ததுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது."

மனைவி அழவில்லை. அவரையே பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தம்மா கேட்டாங்களே. நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். ஏங்க சொல்லலை?"

அவர் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டார்.

"இப்பவாவது போய்ச் சொல்லுங்க. மாடியில ஒரு பொண்ணு வயித்துப் பிள்ளையோட தின்னுக்கிட்டு இருக்கா."

அவர் போனபோது அந்தப் பெண் பாத்தி ஓரம் குனிந்து கீரைதான் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து அவர் அதைப் பிடுங்கி வீசினார். ஓடிவந்த தையல்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். அக்கா மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, தம்பி என்றழைத்த அதே வாயால், "நீயெல்லாம் மனுஷனாடா?" என்றாள்.

அதிகாரிகள் வந்து பாத்திகளைத் தார்ப்பாயால் மூடினார்கள். கான்ட்ராக்டர் போனை எடுக்கவே இல்லை. கட்டடத்தில் இன்னும் சில பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அக்காவின் மகளைப் பிரசவம்வரை கண்காணிக்க வேண்டும் என்றார்கள். வாயாடி வீடு திரும்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள். சில நேரம் அதுவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் மண் கொடுத்த வீடுகளுக்கு அவரே நடந்து போனார். சிலர் திட்டினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். கடைசி வீட்டுக்காரர் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு சிரித்தார். அவருக்குப் பின்னால் தொட்டிகளில் தக்காளி கொத்துக்கொத்தாகப் பழுத்திருந்தது. இரண்டு பிள்ளைகள் அதைப் பறித்துச் சட்டையில் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தானே காய்க்குது? எங்க பசங்க கல்லு மாதிரி இருக்காங்கய்யா. கொடுத்த மண்ணைத் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தியா?"

"நானும் இப்படித்தான் சார் சொல்லிக்கிட்டேன். செடி பச்சையா இருக்கு, பிள்ளை ஓடியாடுது, ஒண்ணும் ஆகாதுன்னு. உள்ள ஏறினது வெளிய தெரியும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு." அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல விளையறதெல்லாம் சுத்தம்னு நம்பாதீங்க. எந்த மண்ணு, எந்த வாளி, அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. கேக்காம வாங்குறது தப்பு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுக் கொடுக்கறது கொலை சார். அதைப் பண்ணவன் நான். எம்பொண்ணு பேச்சு திரும்பாது. உங்க பிள்ளைங்களை நாளைக்கே கூட்டிட்டுப் போய் ரத்தம் பாருங்க."

"போய்யா, போ. வேலையைப் பாரு," என்று வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வண்டிக்காரர் மறுபடியும் அழைப்பு மணியை அழுத்தினார்.