முதலாளியின் வரவேற்புரை

அந்தமானின் மாயாபந்தரில் முருகானந்தம் கார்கோ ஏஜென்சி என்றால் மூன்று மேசை, இரண்டு ஊழியர், ஒரு முதலாளி. இந்தச் சாம்ராஜ்யத்துக்குப் பழைய டெலிபோன் கௌரவமாக இல்லை என்று முருகானந்தத்துக்குத் திடீரென்று பட்டுவிட்டது. டெலிபோன் கம்பெனியை மாற்றினார். புதுக் கம்பெனிக்காரன் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, கூப்பிடுகிறவர்களை வரவேற்க ஒரு குரல் வேண்டும் என்றான். வேறு யாரை நம்புவது? முதலாளியே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசிக் கொடுத்தார். இந்தியில் ஒரு வரவேற்பு, தமிழில் ஒரு வரவேற்பு, பிறகு ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அடுத்தடுத்து இரண்டு கப்பல்கள் துறைமுக ஜெட்டிக்கு வந்து, ஏஜென்சியின் பாக்கு மூட்டைகளை ஏற்றாமலே போய்விட்டன. கப்பல் வந்த தகவலே ஆபீசுக்கு வரவில்லை. போன் எடுக்கும் வேலை சங்கவியுடையது. ஆகவே குற்றமும் சங்கவியுடையதாயிற்று.

அவள் போர்ட் பிளேரில் இருந்த டெக்னீஷியனைப் பிடித்தாள். அவன் அங்கிருந்தபடியே வைத்தியம் சொன்னான். பெட்டியை அணைத்துப் போட்டாள், வயரைப் பிடுங்கிச் செருகினாள், போனையே மாற்றி வைத்துப் பார்த்தாள். கடைசியில் அவனே ஆபீசுக்குக் கூப்பிட்டு, வரவேற்பைப் பொறுமையாகக் கேட்டு, ஒன்றை அழுத்தினான். அவள் மேசையில் மணி கணீரென்று அடித்தது. லைனில் கோளாறில்லை, எடுக்கிற ஆளிடம்தான் கோளாறு என்று தீர்ப்பு எழுதிவிட்டான்.

“அடுத்த கப்பலும் போச்சுன்னா ஹட் பே ஆபீசுக்குப் பெட்டியக் கட்டிக்கம்மா” என்றார் முதலாளி.

ஹட் பே இருப்பது தீவுகளின் இன்னொரு கோடியில். சங்கவியின் மகள் ரூபா இங்கே பத்தாம் வகுப்பு. அந்த நாள் முதல் சங்கவி பாத்ரூமுக்குக்கூடப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை போன் வாயைத் திறக்கவில்லை. கப்பலின் ஹார்ன்தான் கேட்டது, அதுவும் புறப்படுகிற ஹார்ன். முதலாளியின் ஸ்கூட்டரில் இருவரும் பறந்தார்கள். ஜெட்டியில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வேலை பார்க்கும் உதுமானைப் பிடித்துக்கொண்டாள் சங்கவி. கப்பலை ஜெட்டியில் கட்டியதும் ஆபீசுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவது அவர் வழக்கம். ஒரு ரிங் என்றால் கப்பல் வந்தாச்சு, லாரியை அனுப்பு. பதினைந்து வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் நடந்த வியாபாரம்.

“ஒவ்வொரு கப்பலுக்கும் மிஸ்டு கால் குடுத்துக்கிட்டுதான்மா இருக்கேன்” என்று உதுமான் செல்லை நீட்டினார். “ரிங் போகுறதுக்குள்ள யாரோ ஒரு ஆளு எடுத்து இந்தியில ஸ்வாகத் ஹைங்கிறான். ராங் நம்பர்னு வச்சிடுவேன்.”

முதலாளி நம்பவில்லை. தன் செல்லை எடுத்து ஆபீசுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் கம்பீரமாக எழுந்தது. பாதியில் வைக்க மனம் வராமல் இந்தியையும் கேட்டார், தமிழையும் கேட்டார். அது முடிவதற்குள் கப்பல் ஜெட்டியை விட்டு நகர்ந்துவிட்டது.

“நல்லாத்தான இருக்கு” என்றார் மெதுவாக.

“ரொம்ப நல்லாருக்கு சார்” என்றாள் சங்கவி. மூன்று வாரப் பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. “அப்ப ஹட் பேக்குப் பெட்டியக் கட்டப்போறது யாரு? நானா, பெட்டிக்குள்ள இருக்குற அந்த ஆளா?”

முதலாளி டெக்னீஷியனைக் கூப்பிட்டு வரவேற்பை எடுத்துவிடச் சொன்னார். திங்கட்கிழமை காலை போன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது. சங்கவி லாரியை அனுப்பிவிட்டுப் பாத்ரூமுக்குப் போனாள்.