நான்காம் தலைமுறைச் சொந்தம்

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் கல்யாண ஓலையை, அதாவது ஊரறியச் சொல்லும் கல்யாண அறிவிப்பை, வாசிக்கப் போகிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். மாப்பிள்ளை ஓமேர் சான்சூசி. மனைவியைப் பறிகொடுத்தவன், ஐந்து பிள்ளைகள், எங்கள் வயலை ஒட்டிய வயல். பிரெஞ்சில் சான்சூசி என்றால் கவலையில்லாதவன். அவனுக்கென்ன கவலை? மாடு கறக்கவும் துணி துவைக்கவும் அல்பினா மார்த்தேல் என்று நான் ஒருத்தி சிக்கிவிட்டேனே!

மாட்டேன் என்று அழுது பார்த்தேன். "அழு, நல்லா அழு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அழுது முடிச்சிடு" என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். புதுவருஷ விருந்தில் ரெண்டு கிளாஸ் உள்ளே போனால் வம்சாவளி வெளியே வந்துவிடும். எங்கள் மூதாதை பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்த சிப்பாய் ஒருவன். வீட்டுப் பெயர் மார்த்தேல், பட்டாளத்தில் வைத்த பெயர் சான்சூசி. 'மார்த்தேல் என்கிற சான்சூசி' என்றே அவனைக் கூப்பிட்டார்கள். மூத்த மகன் வழி மார்த்தேல் என்று தங்கிவிட்டது. இளையவன் வழி பட்டாளப் பெயரைப் பிடித்துக்கொண்டது. பெயர் வேறானதும் ஊர் வேறு குடும்பம் என்றே நினைத்துவிட்டது. பால் கறக்கும்போது அந்தச் சிப்பாயிலிருந்து தலைமுறைகளை விரல்விட்டு எண்ணினேன். என் பக்கம் நாலு, ஓமேர் பக்கமும் நாலு! நாலாம் தலைமுறைக்குள் சொந்தம் என்றால் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் கிடையாது. சந்தோஷத்தில் மாட்டைக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை பங்குச் சாமியார் வீட்டில் அப்பா, ஓமேர், நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"சாமி, இவரு எனக்குச் சொந்தம். நான் எல்சேயார் மக, அவரு ப்ருடான் மகன், அவரு பியேர் மகன். இவரு மக்லுவார் மகன், அவரு இன்யாஸ் மகன், அவரு லூயி மகன். பியேரும் லூயியும் ஒரே சிப்பாயோட பிள்ளைங்க. வேணும்னா அப்பாவையே கேளுங்க."

அப்பாவின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "ஏண்டி, என் வாயாலயே என்னை மாட்டி விடறியா?"

ஓமேர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "அட, சொந்தமா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு!"

சாமியார் மட்டும் பேனாவை மையில் தோய்த்தார். "நல்லவேளை, இப்பவே சொன்னியேம்மா. ஓலை கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். பிஷப்புக்கு எழுதி விதிவிலக்கு வாங்கிடலாம். இங்க பாதிப் பேருக்கு அப்படித்தான் நடக்குது. காரணம் ஒண்ணு எழுதணும்; ஊர்ல வேற மாப்பிள்ளை இல்லன்னா அதுவே போதும். உனக்குச் சொந்தமில்லாத, உன் தகுதிக்கு ஏத்த பையன் இந்த ஊர்ல யாராவது இருக்கானா?"

அப்பாடா, ஒரு பெயர் சொன்னால் போதும்! "அகில்" என்று வாயெடுத்தேன். ஆனால் அகில் அம்மா வழியில் எனக்கு மூன்றாம் தலைமுறைச் சொந்தம். திமோத்தே பெரியம்மா மகன். செல்ஸ்டேனின் குடும்பப் பெயர் வேறுதான். ஆனால் அவன் பாட்டி ஒரு சான்சூசி. பாழாய்ப்போன என் விரல்கள் நிற்காமல் எண்ணிக்கொண்டே இருந்தன.

"ஸ்டேஷன் மாஸ்டர்" என்றேன் கடைசியில்.

"அவன் ப்ராட்டஸ்டண்டு!" என்று அப்பா கத்தினார்.

"அப்ப யாருமில்லை" என்றார் சாமியார். 'ஊர் சிறியது. பெண்ணுக்கு வயது கடந்துவிட்டது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"வேற ஊர்ல இருப்பாங்களே சாமி!"

"வேற ஊர்ல உன்னை யாருக்கும்மா தெரியும்?" அவர் அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை அந்த மனு ரயிலேறி பிஷப் இருக்கும் ரிமூஸ்கிக்குப் போனது. நான் ரிமூஸ்கியைப் பார்த்ததே இல்லை.